வாய்வழி எதுவும் கூடாது

நெடுங்காடு
22.1.2025

மதிவதனி எழுதுகிறேன்.

மாமாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். சிறையிலிருந்து போன் வரும்போது அவர் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றால் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

பொங்கல் கழிந்ததும் நடந்தது. காலையில் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். நான் துணிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வழுக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். தூக்கினால் வலது கையும் காலும் ஈரத்துணி மாதிரித் தொங்குகின்றன. வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வழிகிறது. தெருவில் நின்று கத்தினேன். சித்தப்பா வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. மாமா கோர்ட்டில் சாட்சி சொன்ன நாளிலிருந்து பங்காளிகள் யாரும் நம் வாசலை மிதிப்பதில்லை. கடைசியில் ஒரே ஒருவர் ஓடி வந்து காலைப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். அது யார் என்று இப்போது எழுதவில்லை.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்று மத்தியானம் கண் விழித்து என்னையே பார்த்தார். பேச்சு எல்லாம் போய்விட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்று ஒரு டீ வாங்கி, படுக்க வைத்தபடியே ஸ்பூனால் ஊட்டினேன். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. இருமவில்லை, செருமவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜொஹரா என்று ஒரு நர்ஸ், என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினார்.

"இவருக்கு முழுங்குற நரம்பு வேலை செய்யலம்மா. நீங்க குடுத்தது வயித்துக்குப் போவல, நெஞ்சுக்குப் போவுது. இரும வேண்டிய எடத்துல இருமக்கூட அவருக்குத் தெம்பு இல்ல. இருமலன்னா நல்லா முழுங்குறாருன்னு அர்த்தம் இல்ல."

கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டினார்கள். 'வாய்வழி எதுவும் கூடாது' என்று அதில் இருக்கிறது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். அடுத்த நாளே காய்ச்சல் வந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்கிறார்கள். நான் கொடுத்த டீயாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்கு அவர் மாமாவின் வயதைக் கேட்டார், சர்க்கரை உண்டா என்று கேட்டார், எத்தனை வருஷமாகப் பீடி குடிக்கிறார் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் இறங்கியது. "ஸ்ட்ரோக் அடிச்சது அடிச்சுட்டுப் போயிடுச்சு. இனிமே இவரக் கொண்டுபோனா நெஞ்சுச் சளிதான் கொண்டுபோவும்" என்றார்.

உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். பதில் போடுவது உங்கள் இஷ்டம்.

மதிவதனி

*

மத்திய சிறை
6.2.2025

மதி,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? அவர் வாயைத் திறந்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன். இப்போது அந்த வாய் போய்விட்டது என்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது என்று பொய் எழுத மாட்டேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம். வந்த கொஞ்சத்தையும் ஆதவன் மதகை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான். நான் கேட்டேன், அவன் என் சட்டையைப் பிடித்தான். கையில் மண்வெட்டி இருந்தது. காம்பால் ஒரு அடி. கொல்ல வேண்டும் என்று அடித்த அடி இல்லை அது. அவன் தலை மதகுக் கட்டையில் மோதியது. அங்கே இருந்தது அப்பா ஒருத்தர்தான். வக்கீல் எவ்வளவு கெஞ்சினார்? கால் வழுக்கி விழுந்தான் என்று சொல்ல வேண்டாம், நான் பார்க்கவில்லை என்றாவது சொல்லுங்கள் என்றார். இவர் கூண்டில் ஏறி, "எம்மவன்தான் அடிச்சான். நான் பாத்தேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஏழு வருஷம். மூன்றுதான் போயிருக்கிறது.

நீ துணிக்கடை வேலையை விடாதே. அவரைப் பார்க்க ஆள் இல்லையென்றால் அதற்கும் அவர்தான் காரணம். பங்காளிகளைக் குறை சொல்லாதே.

காலைப் பிடித்துத் தூக்கியது யார்? மறைத்து எழுதாதே.

செம்பியன்

*

நெடுங்காடு
24.2.2025

மறைக்கவில்லை. அல்லி அக்காதான். நீங்கள் அடித்த ஆதவனின் மனைவி.

நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். வந்து, மாமாவின் வேட்டி ஈரமாகியிருந்ததைக்கூடப் பார்க்காமல் காலைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தார். இப்போதும் தினம் வருகிறார். மாமாவைப் புரட்டிப் போட எனக்கு ஒரு ஆள் வேண்டும். நீங்கள் இல்லை. சித்தப்பா வீட்டில் இல்லை. நான் யாரைக் கூப்பிட? சொல்லுங்கள், அவரை நிறுத்திவிடுகிறேன்.

துணிக்கடை வேலை போய்விட்டது. விடவில்லை, போய்விட்டது. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஊசி மேல் ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியது. அனுப்பும்போது ஜொஹரா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். குழாயில் கஞ்சித் தண்ணீர் விடும்போது சாய்த்து உட்கார வைக்க வேண்டும். விட்ட பிறகும் வெகுநேரம் படுக்க விடக் கூடாது, படுத்தால் மேலேறி நெஞ்சில் இறங்கிவிடும். வாயால் சாப்பிடாதவர்தானே என்று வாயை விட்டுவிடக் கூடாதாம். பல்லும் நாக்கும் தினம் இரண்டு வேளை துடைக்க வேண்டும். சாப்பிடாத வாயில்தான் அழுக்கு அதிகம் சேரும், அந்த எச்சில் உள்ளே போனாலே போதும் என்றார். ஒரே பக்கமாகப் போட்டுவைத்தால் சளி தங்கும், முதுகும் புண்ணாகும். எல்லாம் செய்கிறேன். செய்து முடித்து நிமிர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

பேச்சு எல்லாம் போய்விட்டது என்று எழுதியிருந்தேன் இல்லையா, ஒரு வார்த்தை மட்டும் திரும்பியிருக்கிறது. "தண்ணி." வலித்தாலும் தண்ணி, என்னைக் கூப்பிட்டாலும் தண்ணி, வெளிக்குப் போனாலும் தண்ணி. டாக்டர் இப்படி ஒரே வார்த்தை மாட்டிக்கொள்வது உண்டு என்கிறார். ஆனால் சில நேரம் அவர் உண்மையாகவே தண்ணீர்தான் கேட்கிறார். உதடு வெடித்திருக்கிறது. டம்ளர் சத்தம் கேட்டால் கண் அந்தப் பக்கம் போகிறது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தால் துணியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார். நான் பிடுங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நானும் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்க முடிவதில்லை. அவருக்குக் கேட்காதபடி கிணற்றடியில் போய்க் குடிக்கிறேன்.

போன வாரம் எச்சில் விழுங்கும்போது பயங்கரமாகப் புரை ஏறியது. கண் பிதுங்கிவிட்டது. யாராவது நினைத்தால் புரை ஏறும் என்பார்கள். முதுகைத் தட்டிக்கொண்டே, நீங்கள்தான் நினைத்தீர்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது.

மதிவதனி

*

மத்திய சிறை
12.3.2025

மதி,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இங்கே என் பிளாக்கில் பீர் மைதீன் என்று ஒருவர் இருக்கிறார், நம் காரைக்கால் ஆள்தான். அவருடைய அத்தாவும் இதே மாதிரி விழுந்து, இதே மாதிரி நெஞ்சுச் சளியில் போனவர். அப்போது இவர் இங்கேதான் இருந்தார். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். தண்ணி என்ற வார்த்தை வந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. அவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "தம்பி, கோவத்த அப்புறம்கூடப் பட்டுக்கலாம். ஆளு அப்புறம் இருக்க மாட்டாரு" என்றார்.

பரோலுக்கு மனு எழுதிக்கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்பு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். செத்தவன் வீட்டிலும் கேட்பார்கள், அங்கே ஆட்சேபணை சொன்னால் கிடைக்காது. சொல்லத்தான் போகிறாள். இருந்தாலும் மனு போட்டாகிவிட்டது.

நான் வரும் வரை அவர் இருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பதில் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும். கேட்டால் போதும்.

டாக்டர் சொன்னபடியே செய். வாயால் ஒரு சொட்டு கொடுக்காதே, எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதே. அந்த அல்லியை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உனக்கு வேறு ஆள் இல்லை. ஆனால் அவளைத் தனியாக அவர் பக்கத்தில் விடாதே. அவள் கையால் ஒன்றும் கொடுக்க விடாதே. அவளுக்கு நம் வீட்டின் மேல் இருப்பது என்னவென்று நமக்குத் தெரியாது.

செம்பியன்

*

நெடுங்காடு
9.4.2025

சர்டிபிகேட் அனுப்பிவிட்டேன். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அல்லி அக்கா வீட்டில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஏட்டே திரும்பி வந்து சொன்னார். "வரட்டுங்க. வந்து அப்பாவப் பாத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாராம். ஏட்டுக்கே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் அல்லி அக்கா வழக்கம்போல வந்து மாமாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். அவரே நிமிராமல் சொன்னார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் மதி. ஒம் புருஷன நான் மன்னிக்கல. இவருக்காகக் கையெழுத்துப் போட்டேன். இவரு மட்டும் வாயத் தெறக்கலன்னா எம் புருஷன் குடிச்சிட்டு வழுக்கி விழுந்தான்னுதான் ஊரு பேசியிருக்கும்." இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

மாமாவைப் பற்றி. நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. தொடையை என் ஒரு கையால் சுற்றிப் பிடித்துவிடலாம். வாலறுந்த பட்டம் மாதிரி தலை ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறது. குழாயை இடது கையால் பிடுங்கிவிடுகிறார். பிடுங்கும்போது உள்ளே இருந்த கஞ்சி தொண்டைக்கு வந்து அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வைத்துக் காரைக்கால் போய்த் திரும்பப் போட்டு வர வேண்டும். குழாய் போடும்போது அவர் அழுகிற அழுகைக்குச் சத்தம் வருவதில்லை. அதனால் ஜொஹரா சொன்னபடி நல்ல கையைக் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டிவைத்திருக்கிறேன். இறுகாமல், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. வேலை செய்கிற ஒரே கை அது. அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் வரும் வரை அவர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களுக்காகத்தான் அவரை வைத்திருக்கிறேன். அவருக்காக என்றால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் கட்டை அவிழ்த்துக் கையைத் தேய்த்துவிடும்போது என் கையைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோகிறார். விரலில் ஏதாவது இருக்குமா என்று நாக்கால் தடவிப் பார்க்கிறார். ஒரு மனிதரைப் பட்டினி போடாமல் பட்டினி போடுவது இப்படித்தான் இருக்கும்.

பரோல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்று கேட்கிறேன். அவருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காது கேட்கிறது, சொன்னால் புரிகிறது. நான் படித்துக் காட்டுகிறேன். நல்ல வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. திட்டி எழுதினாலும் சரி.

மதிவதனி

*

மத்திய சிறை
25.4.2025

மதி,

ஒரு வரிதான் கேட்டாய். நாலு தாளை வீணாக்கிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எழுதினால் மறுபடி கோர்ட்டில் நிறுத்துகிற மாதிரி இருக்கிறது. வேறு மாதிரி எழுதினால் கை வரவில்லை. நேரில் வந்தால்தான் எனக்குப் பேச வரும். கீழே இருப்பதை மட்டும் படித்துக் காட்டு.

அப்பாவுக்கு: வருகிறேன். வந்து பேசிக்கொள்கிறேன். அதுவரை மதி சொல்வதைக் கேளுங்கள். குழாயைப் பிடுங்காதீர்கள். செம்பியன்.

*

காரைக்கால் ஆஸ்பத்திரி
17.5.2025

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமாவுக்கு மறுபடி நெஞ்சில் கட்டிக்கொண்டது. இந்தத் தடவை இரண்டு பக்கமும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். மாமாவுக்குப் பக்கத்தில் அல்லி அக்காவை உட்கார வைத்துவிட்டுப் போனேன். தனியாக விடாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கையில் டம்ளர் இருந்தது. மாமாவின் தலையைத் தன் மார்பில் சாய்த்து, ஸ்பூனால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். மாமா கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஓடிப் போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. மாமாவின் முகம் அப்படி இளகி நான் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. பிறகுதான் போய் டம்ளரை வாங்கினேன். அல்லி அக்கா, "கேட்டுக்கிட்டே இருந்தாரு மதி. மனசு கேக்கல" என்றார்.

அதற்கடுத்த சில நாட்களில் காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. உதடு நீலமாகிவிட்டது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அதையேதான் நானும் டாக்டரிடம் கேட்டேன். அந்தத் தண்ணீரால்தானா என்று. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அந்தத் தண்ணீராக இருக்கலாம். முந்தின நாள் குழாயில் விட்ட கஞ்சி மேலேறியதாக இருக்கலாம். அவருடைய எச்சிலே போதும், குழாய் இருப்பதால் எச்சில் உள்ளே போவது நிற்பதில்லை. படுக்கையிலேயே கிடக்கிற உடம்பு, பீடியில் கெட்ட நெஞ்சு, சர்க்கரை, வயது, இவ்வளவு பெரிய அடைப்பு. "ஒரு ஆளக் காட்டி இவங்கதான்னு சொல்ல முடியாதும்மா. யாருமே ஒண்ணும் குடுக்கலன்னாலும் இது வந்திருக்கும். இல்ல, வராமயும் இருந்திருக்கும்" என்றார்.

வேறு ஒருவர் என்றால் உங்களுக்கு அந்தத் தண்ணீர் விஷயத்தை எழுதியிருக்க மாட்டார். எனக்கு அது முடியவில்லை. இந்த வீட்டுக்கு வந்து நான் மாமாவிடம் கற்றுக்கொண்டது வேறு எதுவும் இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மூச்சுக்கு மெஷின் வைக்கலாமா, தொண்டையில் துளை போட வேண்டி வரலாம் என்கிறார்கள். வைத்தால் எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று அவர்கள் சொல்லவில்லை. மகன் எங்கே என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? உங்கள் சிறைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், தகவல் சொல்கிறோம் என்றார்கள். பரோல் உத்தரவு இன்னும் மேலே போயிருக்கிறதாம். எங்கே மேலே என்று தெரியவில்லை.

உங்கள் வரியைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

மதிவதனி

*

பூவம்
14.6.2025

இந்தக் கடிதம் பூவத்தில் என் அண்ணன் ஆரூரான் வீட்டிலிருந்து. நெடுங்காட்டு வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டேன். இப்போது அவர்கள் வாசலைத் திறக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. மாமாவின் பாடை கிளம்புகிற நேரத்தில் நம் வாசலில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்று, ஊர் மொத்தமும் பார்க்க என்னைக் கேட்டீர்கள். "எங்கப்பனுக்கு யாருடி தண்ணி குடுத்தது? சொல்லு." நான் வாயைத் திறப்பதற்குள் அல்லி அக்காவைப் பார்த்துக் கை நீட்டினீர்கள். "புருஷனுக்குப் பழி வாங்கிட்டா" என்றீர்கள். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு நான் இரண்டு தடவை போனேன். கதவைத் திறக்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இது. மெஷின் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜொஹரா ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, "இனிமே அவரு கேக்குறதக் குடுங்கம்மா. நிமித்தி உக்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். வீட்டுக்கு வந்ததும் குழாயை எடுத்தேன். கைக்கட்டை அவிழ்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். இருமினார், துடைத்தேன், மறுபடி கேட்டார், மறுபடி கொடுத்தேன். அடுத்த நாள் ரசம் சோற்றைக் கரைத்து நாக்கில் வைத்தேன். விழுங்கினாரா இல்லையா என்று தெரியாது. நாக்கிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். கடைசி மூன்று நாளும் அவர் வாய்க்குப் போனது எல்லாம் என் கையால் போனது. ஒவ்வொரு ஸ்பூனும் எங்கே போகிறது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். நெஞ்சு கொதிக்கிற பானை மாதிரி கொர கொரவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் நின்றபோது அவர் தலை என் கையில் இருந்தது. அல்லி அக்கா அப்போது அங்கே இல்லவே இல்லை.

நீங்கள் வரும் வரை வைத்திருக்கவில்லை. வைத்திருக்க முடிந்திருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். என்னை எந்தக் கூண்டில் ஏற்றினாலும் இதையேதான் சொல்வேன்.

உங்களுக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நீங்கள் வெளியே வரும்போது அந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் உங்களோடு இருந்திருக்கலாம். நீங்கள் கை நீட்டிய நேரத்தில் என்னிடம் இருந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்கச் சிறையிலிருந்து ஆறு மணி நேரம் உங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். யார் செய்தார்கள் என்று கேட்டே அதை முடித்துவிட்டீர்கள்.

இனி எழுத மாட்டேன்.

மதிவதனி

*

மத்திய சிறை
3.7.2025

மதி,

பூவம் விலாசத்துக்கு எழுதுகிறேன். வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

நீ கொடுத்தது சரி, தப்பு என்று சொல்வதற்கு இல்லை. உன் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். வேறு யாரையாவது குற்றம் சொல்ல ஒரு இடம் கிடைக்குமா என்று தேடித்தான் முதலில் படித்தேன். கிடைக்கவில்லை. பீர் மைதீன் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

அல்லியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எழுத எனக்குத் தகுதி இல்லை. அவள் கையெழுத்துப் போட்டுக் கிடைத்த பரோல் உத்தரவு நான் சுடுகாட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் வந்தது. சூப்பிரண்டு கூப்பிட்டுக் காட்டினார். தகப்பனாரின் உடல்நிலையை முன்னிட்டு என்று போட்டிருந்தது. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன்.

நீ திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ வருகிற ஆள் இல்லை, கேட்கிற இடத்தில் நானும் இல்லை.

வேறு ஒன்று கேட்க வேண்டும். அன்று வேனில் இருந்து இறங்கும்போது எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். பாடையின் பக்கத்தில் வரும்போதே எனக்குக் கண் இருட்டிவிட்டது. யார், எவர் என்று கத்திக்கொண்டே இருந்தேன். போலீஸ்காரர் நேரமாகிவிட்டது என்றார். யாரோ கொள்ளிச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். கொள்ளி வைக்கச் சொன்னபோது வரட்டி அவரை முழுவதும் மூடியிருந்தது. அப்போதும் கூட்டத்தில் அல்லியைத்தான் தேடினேன். திரும்பி வரும் வழியில், நிலக்கரி லாரிகளுக்கு நடுவில் வேன் நின்றபோதுதான் தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஆறு மணி நேரம் அங்கே இருந்தேன். கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது தெரியும். மேலே பார்க்கவில்லை.

எனக்கு ஞாபகம் இருப்பது கூண்டில் நின்று என்னைப் பார்த்த முகம்தான். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. அதற்குப் பிறகு என்னிடம் வேறு முகம் இல்லை.

நீ கூடவே இருந்தாய். கடைசியில் அவர் தலை உன் கையில்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். பார்த்ததைச் சொல்கிற ஆள் நீ. மன்னிப்பு வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது.

செம்பியன்